தோப்பும்படியில் ஏறிய ஆட்கள்

நவம்பர் கடைசி வாரம் வந்தால் தொலைக்காட்சிகளில் தாஜ் ஹோட்டலின் குவிமாடமும் அதைச் சூழ்ந்த புகையும் மறுபடி தெரியும். 2008 நவம்பர் 26 அன்று தொடங்கி 29 வரை நீடித்த மும்பைத் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். அவர்களை நாடு மறக்கவில்லை. ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறோம், தலைவர்கள் பேசுகிறார்கள், அன்று உயிரைக் கொடுத்த காவலர்களின் பெயர்கள் சொல்லப்படுகின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தாக்குதலில் முதலில் செத்தவர்கள் மும்பையில் சாகவில்லை. குஜராத்தின் போர்பந்தரிலிருந்து மீன் பிடிக்கப் போன ‘குபேர்’ என்ற விசைப்படகை நடுக்கடலில் மடக்கி, அதில் ஏறித்தான் கொலையாளிகள் மும்பைக் கரையை நெருங்கினார்கள். படகில் இருந்தவர்கள் ஐந்து பேர். படகை ஓட்டிவந்தவரின் உடல் மட்டும் படகில் கிடந்தது. மற்ற நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. நினைவு நாள் உரைகளில் அந்த ஐவரும் வர வேண்டுமென்றால் யாராவது அடியெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதை ஏன் கொச்சியின் பள்ளுருத்தியில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், 26க்கு நான்கு நாள் கழித்து 30ஆம் தேதி வருகிறது. 2017இல் அதே நாளில்தான் ஒக்கி புயல் அரபிக்கடலுக்குள் நுழைந்தது. அதில் போனவர்களில் கணிசமானோர் நம் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் தோப்பும்படித் துறைமுகத்தில் படகேறியவர்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் அந்த நாள் வந்தால் திருப்பலி உண்டு, மெழுகுவர்த்தி உண்டு, பேச முடியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உண்டு. திருவனந்தபுரத்தின் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் உண்டு. கொச்சி நகரம் மொத்தமாக நின்று நினைக்கும் நாளாக அது இன்னும் ஆகவில்லை. ஆக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பத்தி. எப்படி நினைப்பது என்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மெழுகுவர்த்தியோடு நின்றுவிட்டால் அந்தச் சாவுகளிலிருந்து நாம் ஒன்றும் கற்கவில்லை என்றுதான் பொருள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அதற்கு மறுநாள் அதிதீவிரப் புயல். டிசம்பர் 2இல் லட்சத்தீவை அடித்துவிட்டு, வடக்கே திரும்பி, குஜராத் கரையருகே வலுவிழந்தது. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். கடலில் நடந்ததைப் பார்க்க யாரும் இல்லை.

புயல் என்ற அறிவிப்பு தங்களுக்கு 30ஆம் தேதி நண்பகலில்தான் வந்தது என்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் சொன்னார். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிட்டோம் என்றது வானிலைத் துறை. யார் சொன்னது சரி என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் இப்போது எனக்கு அக்கறை இல்லை. முந்தின நாள் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். அதற்குப் பத்து நாள் முன்பே தோப்பும்படியிலிருந்து போய்விட்டவனுக்கு அது எப்படி எட்டியிருக்கும்? அவன் படகில் இருக்கும் வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டர் வரைதான் கேட்கும். அவன் இருப்பதோ லட்சத்தீவையும் தாண்டி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். பூந்துறை, விழிஞ்ஞம் வள்ளக்காரர்களுக்கு நேர்ந்தது வேறு. அவர்கள் அன்று மாலை போய் மறுநாள் காலை திரும்ப நினைத்தவர்கள். அவர்களை நேரத்தோடு தடுத்திருக்க முடியும். தங்கல் போனவர்களை, அதாவது வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போனவர்களை, தடுக்க முடியாது, திருப்பி அழைக்கத்தான் முடியும். அதற்கு அன்று கருவி இல்லை.

யார் இந்தத் தங்கல்காரர்கள்? நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கேரள எல்லையை ஒட்டி வரிசையாக நிற்கும் இந்த எட்டுக் கடற்கரை ஊர்களைத் தமிழ்நாட்டிலேயே பலர் அறியமாட்டார்கள். சுறாவையும் சூரையையும் தேடி இந்தியாவில் யாரும் போகாத தூரத்துக்குப் போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். டியேகோ கார்சியா வரைக்கும் போய் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டுத் திரும்பியவர்கள்கூட உண்டு. ஊரில் பெரிய படகு கட்ட வசதியான துறைமுகம் இல்லாததால் பல காலமாகக் கொச்சிதான் அவர்களுக்குத் தொழில் வாசல். தோப்பும்படியில் டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் மூன்று வாரமோ நாற்பது நாளோ கழித்து மீனோடு இங்கேயே வருவார்கள். நம் சமையலறையில் குடம்புளி போட்டுக் கொதிக்கும் கேரை மீன் அநேகமாக அவர்கள் கைவழி வந்ததுதான்.

கணக்குக்கு வருவோம். கேரளத்தில் 52 பேரின் இறப்பு உறுதியானது. 91 பேர் காணாமல் போனவர்கள். குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் 170க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஆக இரண்டு மாநிலத்திலும் 300க்கும் மேல். இந்த எண்ணுக்கு வந்து சேர அரசுகளுக்கு எத்தனை நாள் ஆனது என்பதைக் கவனிக்க வேண்டும். புயல் போய் மூன்று வாரமான பின்பு, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் தந்த கணக்குப்படி காணாமல் போனவர்கள் 661 பேர். தமிழ்நாடு 400, கேரளம் 261. பிறகு படகுகள் ஒவ்வொன்றாக வேறு வேறு கரைகளில் ஒதுங்க ஒதுங்க அந்த எண் குறைந்துகொண்டே வந்தது. குறைந்தது நல்லதுதான். ஆனால் அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தது வெறும் கோபத்தால் அல்ல. எங்கள் ஆள் இருக்கிறானா இல்லையா என்ற கேள்விக்கு அரசாங்கத்தில் பதில் சொல்ல ஆளில்லாததால்.

டிசம்பர் 2ஆம் தேதி மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. 68 படகுகளில் 952 மீனவர்கள் சிந்துதுர்க் கரையில் பத்திரமாக ஒதுங்கியிருக்கிறார்கள் என்று அம்மாநில முதலமைச்சர் தேவேந்திர பட்னாவிஸ் அறிவித்தார். 66 படகு கேரளத்தினுடையது, 2 தமிழ்நாட்டினுடையது. படகில் எழுதியிருக்கும் பதிவெண்ணைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. கேரளப் பதிவெண் போட்ட படகில் இருப்பவன் வள்ளவிளைக்காரனாக இருக்கலாம், சின்னத்துறைக்காரனாக இருக்கலாம். வள்ளவிளையில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி உடனே எந்த உதவியும் செய்யவில்லை. 952 என்று எண் வந்தது. பெயர் வர வேண்டும். பெயர் எங்கே இருந்தது? பல படகுகளுக்கு எங்குமே இல்லை.

இந்த இடத்தில்தான் நம் துறைமுகம் வருகிறது. ஒரு தங்கல் படகு புறப்படுவதை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். ஐஸ் கட்டிகள் அரைபட்டுக் குழாய் வழியாக மீன் அறைக்குள் கொட்டும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டீசல் ஏறும். தண்ணீர் ஏறும். பிறகு சாமான்: அரிசி மூட்டை, வெங்காயம், தேங்காய், மிளகாய், எண்ணெய், கேஸ் சிலிண்டர், பீடிக் கட்டு. தரகனின் ஆள் கையில் ஒரு நீள நோட்டு. வெங்காயம் எத்தனை கிலோ, தேங்காய் எத்தனை, ஒன்று விடாமல் எழுதுவார். கடன் வாங்கித்தான் படகு போகிறது. திரும்பிவந்து மீன் ஏலம் போனதும் தரகும் செலவும் கழித்துத்தான் உடைமைக்காரருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரியும். அதனால் அந்த நோட்டில் ஒரு தேங்காய் தவறாது. ஆட்களின் பெயர் அந்த நோட்டில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அது படகை நடத்தும் ஸ்ராங்கின் மனத்தில் இருக்கும். கடைசி நேரத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து இறங்கிக்கொள்வான். கரையில் சும்மா நிற்கும் ஒருவன் ஏறிக்கொள்வான். படகு போய்விடும்.

இதைப் பற்றி வள்ளவிளை ஸ்ராங்கு ஒருவரிடம் பேச்சு வந்தபோது அவர் மறைக்காமல் சொன்னார்: “எத்தன பேரு போனாவண்ணு கேட்டா கரையில ஒருத்தருக்கும் தெரியாதுண்ணே. எனக்குத் தெரியும். நானும் சேந்து போயிட்டா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ஒக்கிக்குச் செய்யும் நினைவு என்று நான் நினைக்கிறேன்.

மீனவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 26/11க்குப் பிறகு கடல்வழி ஊடுருவலைத் தடுக்கக் கடலோர மீனவர் எல்லோருக்கும் கைரேகையோடு அடையாள அட்டை கொடுக்கும் திட்டம் வந்தது. படகுகளுக்கு மாநிலவாரியாக நிறம் வந்தது. மீனவனிடமிருந்து நாட்டைக் காக்க வேண்டும் என்று தோன்றியபோது அரசுக்கு ஆட்களை எண்ணத் தெரிந்தது. மீனவனைக் காக்க எண்ண வேண்டும் என்று தோன்ற ஒக்கி வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பல நல்ல காரியங்கள் நடந்தன, அதையும் சொல்லியாக வேண்டும். கடலுக்குப் போகும் ஆட்களின் விவரத்தைப் பதிய கேரளத்தில் ‘சாகரா’ என்ற செயலி வந்தது. அலைபேசி எட்டாத தூரத்திலும் வானிலைச் செய்தியைச் செயற்கைக்கோள் வழியே வாங்கும் ‘ஜெமினி’ கருவியை ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் 2019இல் கொண்டுவந்தது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தகவல் கருவி பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்தார். ஆகவே கருவிக்குப் பஞ்சம் என்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை படகு அவிழும்போதும் யார் யார் ஏறினார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும், அந்த வேலைதான் யாருடையது என்று தீர்மானமாகவில்லை. உடைமைக்காரர் தரகனைக் காட்டுவார், தரகன் ஸ்ராங்கைக் காட்டுவார், ஸ்ராங்கு மீன்வளத் துறையைக் காட்டுவார்.

‘தேசியப் பேரிடர்’ என்ற சொல்லையும் இங்கே பேசிவிடலாம். ஒக்கியைத் தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்று இரண்டு மாநிலங்களும் கேட்டன. அப்படி அறிவிக்க விதிகளில் இடமே இல்லை என்றது மத்திய அரசு. 2018 கேரள வெள்ளத்தின்போதும் அதே பதில். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையை மண் மூடி 250க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் அதே பதில். விதி அப்படி இருக்கலாம். நாட்டின் துயரம் எது என்பதைக் கோப்பு முடிவு செய்யாது, யார் சேர்ந்து துக்கம் காக்கிறார்கள் என்பது முடிவு செய்யும். வயநாட்டில் ஒன்று நடந்தது. யாரென்று தெரியாத உடல்களையும் உடற்பாகங்களையும் புத்துமலையில் எண் போட்டு அடக்கினார்கள். எல்லா மதத்தாரும் நின்று பிரார்த்தனை செய்தார்கள். பிறகு மரபணுச் சோதனை முடிவுகள் வரவர எண் இருந்த இடத்துக்குப் பெயர் வந்தது. நிலம் அந்த அளவுக்காவது திருப்பிக் கொடுத்தது. ஒக்கியில் போனவர்களுக்கு எண் எழுதக்கூட ஒரு கல் இல்லை. அதனால்தான் ஒரு பட்டியல், பொதுவான ஒரே பட்டியல், அவர்கள் விஷயத்தில் இவ்வளவு முக்கியமாகிறது. தமிழ்நாடு ஒன்று வைத்திருக்கிறது, கேரளம் ஒன்று வைத்திருக்கிறது, தேவாலயங்களும் மீனவர் அமைப்புகளும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே சுவரில் யாரும் எழுதவில்லை.

அந்தச் சுவருக்கு உரிய இடம் தோப்பும்படி. 1978 முதல் இயங்கும் இந்த மீன்பிடித் துறைமுகம் கொச்சித் துறைமுகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இப்போது ஏறக்குறைய 169 கோடி ரூபாயில் நவீனமாக்கும் வேலை. குளிரூட்டிய ஏலக்கூடம், சுத்தமான தளம், கழிவு நீக்கம் எல்லாம் வரட்டும். அந்த வரைபடத்தில் ஒரு சுவரின் செலவு எங்கோ ஒரு மூலையில் ஒளிந்துகொள்ளும்.

பள்ளுருத்திக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போனவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், லத்தீன் கத்தோலிக்கர்கள், அவர்கள் பங்கில் அவர்கள் பூசை வைக்கிறார்கள், நாம் ஏன் நடுவில் என்று ஒரு நண்பர் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒக்கி வந்த அந்த நாட்களில் நம் பள்ளுருத்தி பிளாக்கைச் சேர்ந்த செல்லானத்தில் கடல் வீட்டுக்குள் வந்தது. கம்பெனிப்படி, பசார், வேளாங்கண்ணிப் பகுதிகளில் மணல் படுக்கையறை வரை ஏறியது. கிணறும் கக்கூசும் ஒன்றாகக் கலந்தன. ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். கடல்சுவர் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 344 கோடி ரூபாயில் டெட்ராபாட் சுவர் வந்த பின்புதான் அங்கே மழைக்காலத்தில் தூங்க முடிகிறது. சுவர் எட்டாத கண்ணமாலி, செறியகடவில் கடல் இன்னும் வீடேறுகிறது. கண்ணமாலி இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று அந்த நண்பருக்குத் தெரியும். மேற்கே ஒரு ஜன்னலைத் திறந்தால் அந்தக் காற்றுதான் அடிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒக்கி முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2018 ஆகஸ்டில் பெரியாறும் பம்பையும் பொங்கின. அப்போது வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆலுவாவுக்கும் செங்ஙன்னூருக்கும் வந்தவர்கள் யார்? மாநிலக் கணக்குப்படி மீனவர்கள் மீட்டவர்கள் ஏறக்குறைய 65,000 பேர். அதில் பூந்துறையும் விழிஞ்ஞமும் இருந்தன, செல்லானமும் இருந்தது. அவர்கள் ஜாதியும் மாநிலமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ‘கேரளத்தின் படை’ என்று அவர்களை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினோம். பொன்னாடையோடு கணக்கு தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

கொச்சிக்கு நினைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மட்டாஞ்சேரியில் 1953 செப்டம்பர் 15 அன்று துறைமுகத் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. ‘சாப்பா’ என்ற உலோக வில்லையைக் கூட்டத்தில் எறிந்து, அதைப் பொறுக்கியவனுக்கு மட்டும் வேலை என்றிருந்த கொடுமைக்கு எதிரான போராட்டம் அது. சைது, சைதலவி, ஆன்டணி என்ற மூன்று பெயர்கள் எழுபது ஆண்டுகளாக இந்த ஊரில் புழங்குகின்றன. நாடகம் வந்தது, 2023இல் ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ படமும் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த இளைஞர்கள் மட்டாஞ்சேரித் தெருக்களை வேறு கண்ணோடு பார்த்தார்கள். மூன்று தொழிலாளரின் பெயரை இவ்வளவு காலம் காப்பாற்றிய ஊர், தன் துறைமுகத்தில் படகேறிய நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயரைக் காப்பாற்ற முடியாதா? சாப்பாவுக்குத் தொழிற்சங்கம் இருந்தது, கொடி இருந்தது. ஒக்கியில் போனவனுக்குக் கொச்சியில் கொடி இல்லை, ஓட்டும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அதனால்தான் இந்தப் பொறுப்பு எந்த ஒரு கட்சியின் கையிலும் போகாமல் ஊரின் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

என்ன செய்யலாம்? நவம்பர் 30 காலையில் தோப்பும்படியில் ஏலம் ஒரு பத்து நிமிஷம் நிற்கட்டும். மீன் கெட்டுவிடாது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கச் சம்மதித்தால் போதும். தனித்தனியாகக் கூட்டம் போட ஆரம்பித்தால் காரியம் கெட்டது. அந்தப் பத்து நிமிஷத்தில் பெயர்களைப் படிக்கட்டும். பள்ளுருத்தியிலும் தோப்பும்படியிலும் இருக்கும் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகள் வரட்டும், ஆனால் மைக்கைப் பிடிக்காமல் நிற்கட்டும். பெயரைப் படிக்க மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் போதும். படித்து முடித்த கையோடு, அன்று துறையில் கட்டியிருக்கும் ஒவ்வொரு தங்கல் படகின் ஆள் பட்டியலையும் எடுத்துப் பார்க்கட்டும். ஆண்டுக்கு ஒருநாளாவது அது சரியாக இருந்தால், மற்ற நாட்களில் சரியாக இல்லாதது எல்லோர் கண்ணிலும் படும்.

பட்டியல் எழுதுவதில் எதிர்ப்பும் உண்டு, அது புரிந்துகொள்ளக்கூடிய எதிர்ப்பு. உடைமைக்காரர்களுக்கு ஒரு பயம்: ஆள் கணக்கு எழுத்தில் இருந்தால் நாளைக்குக் காப்பீடு, சேமநல நிதி என்று அதிகாரிகள் வந்து நிற்பார்கள். தொழிலாளிக்கும் ஒரு பயம்: பெயர் கொடுத்தால் போலீஸ் கையில் போகுமோ. மீன்வளத் துறைக்கும் ஒன்று உண்டு, அது பயம்கூட இல்லை, ஆள் பற்றாக்குறை. இத்தனை படகுக்கும் விடிகாலையில் போய் நிற்க அவர்களிடம் யார் இருக்கிறார்கள்? இதற்கெல்லாம் ஒரு எளிய வழி, பட்டியலைத் துறையிடம் கொடுப்பதற்கு முன் தரகனின் நோட்டிலேயே சேர்ப்பது. வெங்காயத்துக்கு அடுத்த வரியில் பெயர். ஊர், வீட்டு அலைபேசி எண். அதில் ஒரு நகல் துறைமுக அலுவலகத்தில், ஒரு நகல் ஊர்ப் பங்கிலோ சங்கத்திலோ. கடலில் ஆபத்து என்றால் மட்டும் அதைத் திறப்பது என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு உடன்பாடு. செயலி வேண்டாமென்று சொல்லவில்லை. நோட்டில் இருப்பதைச் செயலியில் ஏற்றுவது பத்து நிமிஷ வேலை. முதலில் நோட்டில் இருக்க வேண்டும். தரகர்கள் இதைச் செய்ய மறுத்தால் அவர்களை நான் நியாயமாகவே கேட்பேன்: தேங்காய் எண்ணத் தெரிந்த கைக்கு ஆள் எண்ணத் தெரியாதா?

நகரசபை உறுப்பினர்களுக்கும் வேலை உண்டு. துறைமுகம் நகரசபையின் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு கூட்டம் கூட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம். உடைமைக்காரர், தரகர், சங்கம், துறைமுக நிர்வாகம், மீன்வளத் துறை, கடலோரக் காவல், தூத்தூர் வட்டாரத்திலிருந்து இரண்டு பேர், இவர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைக்க ஒருவர் வேண்டும். எந்த முன்னணியைச் சேர்ந்தவர் அழைத்தாலும் மற்றவர் வர வேண்டும். மீன் வாங்கித் தின்னும் நாமும் அந்த மேசையில் ஒரு நாற்காலி கேட்கலாம், குடியிருப்போர் சங்கம் என்ற பெயரிலாவது.

காணாமல் போனவர் இறந்தவராகக் கருதப்பட ஏழு ஆண்டு ஆக வேண்டும் என்பது இந்தியச் சட்டம். ஒக்கிக் குடும்பங்களுக்காக இரண்டு மாநிலங்களும் அதற்குக் காத்திராமல் தலா 20 லட்சம் ரூபாய் கொடுத்தன. அது பெரிய காரியம். எந்த அரசையும் பாராட்டத் தயங்கும் வழக்கம் எனக்கு உண்டு என்றாலும் இதில் தயக்கமில்லை. அந்த ஏழு ஆண்டும் 2024 நவம்பரில் முடிந்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் இனி இதில் செய்ய ஒன்றும் பாக்கியில்லை. கோப்பு மூடிய பின்பு நினைவைத் தாங்க வேண்டியவர்கள் அதிகாரிகள் இல்லை. சின்னத்துறையில் இருக்கும் மனைவிமார் எத்தனை காலம் தனியாகத் தாங்குவார்கள்?

பாக்கி இருக்கும் சிக்கல் ஒன்று. இன்று தோப்பும்படிப் படகுகளில் ஒடிசா, வங்காளம், அசாம் பிள்ளைகள் ஏராளமாகப் போகிறார்கள். தூத்தூர்காரன் காணாமல் போனால் கேட்க ஒரு ஊர் திரண்டு வரும், ரயிலை மறிக்கும். அசாமிலிருந்து தனியாக வந்து, ‘பாயி’ என்று மட்டும் அழைக்கப்பட்டு, கடைசி நேரத்தில் ஏறிக்கொண்டவன் காணாமல் போனால் அவன் போனான் என்பதே யாருக்கும் தெரியாமல் போகலாம். அடுத்த புயலில் எண்ணிக்கை தவறப்போவது அவர்கள் விஷயத்தில்தான். அவர்கள் பெயரையும் ஊரையும் பிழையில்லாமல் எழுத நம் தரகனின் ஆளால் முடியாது. ஆனால் அதே துறைமுகத்தில் ஐஸ் தள்ளுகிறவர்களில், பெட்டி சுமக்கிறவர்களில் பள்ளி முடித்த ஒடியாப் பையன்களும் வங்காளிப் பையன்களும் இருக்கிறார்கள். படகு புறப்படும் நேரத்தில் அவர்களில் ஒருவரை நோட்டோடு உட்காரவைத்து, அந்த ஒரு மணி நேரத்துக்கான கூலியைப் படகுச் செலவில் எழுதிக்கொள்ளலாம். வெங்காயச் செலவைவிட அது குறைவாகத்தான் வரும்.